தொங்குபவனை இறக்குவது எப்படி

என் கம்பெனியில் மொத்தம் நான்கு பேர். முதலாளியான என்னைக் கழித்துவிட்டால் வேலை தெரிந்தவர்கள் மூன்று பேர். கொத்தனார் என்னைவிட ஏழு வயது மூத்தவர். என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் 'தம்பீ' என்று கொஞ்சம் நீட்டுவார், அவ்வளவுதான் அவர் கோபம். எலெக்ட்ரீஷியன் ஒரு பெண். வயது முப்பதுக்குள்தான் இருக்கும், ஆனால் அவள் முறைத்தால் மின்சாரமே யோசித்துவிட்டுத்தான் பாயும். கூரை வேலைக்கு என் மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி. கூரையில் அவன் நடப்பதைப் பார்த்தால் நமக்குத் தரையில் நடக்கவே கூச்சமாக இருக்கும்.

மாடி வைத்த சின்ன வீடுகள்தான் எங்கள் தொழில். சுவருக்குச் செங்கல், மேலே மரச்சட்டம் போட்ட சாய்ந்த கூரை. ஒரு வீட்டுக்குச் சாவி கொடுத்த பிறகுதான் அடுத்த வீடு. பெரிய கம்பெனிகளில் பாதுகாப்புக்கென்று ஓர் அதிகாரி, அவருக்கு ஓர் அறை, அறையில் ஒரு மின்விசிறி எல்லாம் இருக்கும். எங்களிடம் அந்தப் பொறுப்பு, மற்ற எல்லாப் பொறுப்பையும் போல, வேனின் முன்சீட்டில் உட்காருகிறவனிடம் இருந்தது.

போன வருஷம் வரை அந்தப் பொறுப்பு என்னிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. எங்களோடு எட்டு வருஷம் இருந்த பெயின்டர், இரண்டு ஸ்டூலுக்கு நடுவில் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் இன்னொரு ஸ்டூலைப் போட்டு நின்றுகொண்டிருந்தவர், விழுந்தார். ஒன்பதடி. ஒன்பதடிதானே, எழுந்துவிடுவார் என்று நாங்கள் எல்லோரும் நின்று பார்த்தோம். அவர் எழவில்லை. இப்போது வீட்டில் கட்டிலில் இருக்கிறார். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் ஜோக் சொல்வேன், அவர் சிரிப்பார். வெளியே வந்து வேனில் உட்கார்ந்து சாவியைத் தேடுவேன். சாவி கையிலேயே இருக்கும்.

அதற்குப் பிறகுதான் இரண்டு சேஃப்டி பெல்ட் வாங்கினேன். தோளுக்கு, மார்புக்கு, இரண்டு தொடைக்கும் பட்டை வைத்து, முதுகில் ஓர் இரும்பு வளையம் உள்ள வகை. கூரையின் முகட்டில் ஸ்க்ரூ போட்டு முடுக்கிய வளையத்திலிருந்து கயிறு வரும். அதன் கொக்கியை முதுகு வளையத்தில் மாட்டிக்கொண்டால் போதும். நான்கு பேரும் ஒருநாள் பயிற்சிக்குப் போனோம். காலையில் பெல்ட் எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். நானும் மச்சினனும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பயிற்சி கொடுத்தவரின் மீசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மதியத்துக்கு மேல், பெல்ட்டில் தொங்குகிறவரை எப்படி இறக்குவது என்று பாடம். ஆனால் அன்றைக்குப் பார்த்து மரம் ஏற்றிய லாரி வருகிறது என்று போன் வந்தது. நானும் மச்சினனும் கிளம்பிவிட்டோம். கொத்தனார் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். முழுப் பாடத்தையும் கேட்டு நோட்டில் எழுதியவள் எலெக்ட்ரீஷியன் மட்டும்தான். கூரையில் ஏற வேண்டிய அவசியமே இல்லாதவள் அவள்தான்.

மச்சினன் பெல்ட் போடவில்லை. முதல் வாரம் வெயில் என்றான், அடுத்த வாரம் மழை என்றான். ஒருநாள் காலையில் நான் விடாப்பிடியாக நின்றேன்.

"அத்தான், அதப் போட்டா கை கால் கட்டிப்போட்ட மாதிரி இருக்கு. வேல ஓடாது."

"ஓட வேணாம். நட."

"நீங்க ஒருநாள் மேல ஏறி, அதப் போட்டுக்கிட்டு வேல பாத்துக் காட்டுங்க. அப்புறம் நான் போடுறேன். வாக்குக் குடுக்குறேன்."

கொத்தனார் கலவையைக் கிளறிக்கொண்டே, "தம்பி ஏறினா கூரை தாங்குமான்னு மொதல்ல பாக்கணும்" என்றார்.

நான் தொண்ணூற்றாறு கிலோ. பெல்ட்டில் தைத்திருந்த சீட்டில் நூறு கிலோ வரை என்று போட்டிருந்தது. மீதி நான்கு கிலோவை நம்பி ஏறினேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போனது. சட்டத்தின் மேல் பிளைவுட் பலகைகளைப் பரப்பி அடிக்க வேண்டும். நான் இரண்டு பலகைகளை அளந்து, அறுத்து, அடித்தேன். மச்சினன் அடுத்த பலகையை எடுக்கக் கீழே இறங்கினான். மேலே நான் தனியாக இருந்தேன். அதுவே ஒரு தப்பு என்று எலெக்ட்ரீஷியனின் நோட்டில் எழுதியிருந்ததாம், பிறகு காட்டினாள்.

"பாரு, கட்டிப்போட்ட மாதிரியா இருக்கு?" என்று கீழே பார்த்துக் கத்தினேன். கயிற்றை இன்னும் கொஞ்சம் தளர்த்திவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு விளிம்போரமாக நாலடி நடந்து காட்டினேன். மூன்றாவது அடி, நானே அறுத்த பலகையின் மரத்தூள்மேல் விழுந்தது. நாலாவது அடி எங்கும் விழவில்லை.

விழும்போது பழைய நினைவுகள் வரும் என்கிறார்கள். எனக்கு வந்தது ஒரே நினைப்பு: மச்சினன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அப்புறம் முதுகில் யாரோ உதைத்த மாதிரி ஒரு வெட்டு. நின்றுவிட்டேன். நின்றேன் என்று சொல்லக்கூடாது, தொங்கினேன். தலைக்கு மேலே ஏழடியில் கூரை விளிம்பு. காலுக்குக் கீழே பத்தடியில் தரை. ஹெல்மெட் தலையில் இருந்தது, பென்சில் காதில் இருந்தது. சட்டைப் பையிலிருந்த போன் மட்டும் கீழே மணலில் விழுந்து கிடந்தது.

கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டார். மச்சினன் பலகையைக் கீழே போட்டான். 

"பாத்தியா!" என்றேன் நான். "புடிச்சுதா இல்லையா? பெல்ட்டுன்னா இதுதான்டா!"

மச்சினனுக்கு உயிர் வந்து, சிரிப்பும் வந்துவிட்டது. "அத்தான், அப்படியே இருங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்."

"எடு, எடு. உங்கக்காவுக்கு அனுப்பாதே."

எலெக்ட்ரீஷியன் உள்ளே வயர் இழுத்துக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு வெளியே வந்தாள். என்னை அண்ணாந்து பார்த்தாள். முதலில் தன் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தாள், அது எனக்குப் பிடிக்கவில்லை.

"எவ்ளோ நேரமா தொங்குறாரு?"

"இப்பதான். ரெண்டு நிமிஷம் இருக்கும்" என்றான் மச்சினன்.

"பதினஞ்சு நிமிஷம்தான் இருக்கு. சில பேருக்கு அதுகூட இல்ல."

"எதுக்கு?" என்றேன் மேலேயிருந்து.

அவள் சொன்னாள். தொடைப் பட்டை ரத்தத்தைத் திரும்ப விடாமல் அமுக்குமாம். அசையாமல் தொங்கினால் ரத்தம் காலிலேயே தேங்கி, ஆள் மயங்கி, மயங்கிய பிறகும் தொங்கிக்கொண்டே இருந்தால்... அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. நோட்டில் எழுதியிருப்பாள். விழுந்தால் செத்துவிடுவோம் என்று பெல்ட் வாங்கினேன். பெல்ட் பிடித்தாலும் சாகலாம் என்பது மதியத்துக்கு மேல் சொன்ன பாடம்.

மச்சினன் போனைப் பைக்குள் வைத்தான்.

"அண்ணே, கால ஆட்டிக்கிட்டே இருங்க. முட்டிய மடக்கி நீட்டுங்க. சுவத்துல உதைங்க. நிறுத்தக்கூடாது" என்று சொல்லிவிட்டு அவள் அவசர எண்ணுக்குப் போன் போட்டாள். தீயணைப்பு வண்டி வர இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றார்கள். ஆம்புலன்ஸ் கொஞ்சம் முன்னால் வரலாம்.

நான் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தேன். அந்தப் பக்கச் சுவரில் ஜன்னல் கிடையாது. பக்கத்து வீட்டுச் சமையலறை தெரியும், வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொன்னபோது, "ரொம்ப நல்ல யோசனை சார்" என்று சொன்னவன் நான். கால் வைக்க ஒரு விரல் இடம்கூட இல்லாத சுவர். கொத்தனார் பூசியது, வழவழவென்று இருந்தது.

"மேல போயி கயித்தப் புடிச்சுத் தூக்கிடலாமா?" என்றான் மச்சினன்.

"தம்பியவா?" என்றார் கொத்தனார். அதற்கு மேல் அந்த யோசனையை யாரும் பேசவில்லை.

ஏணிதான் வழி. ஆனால் என் பக்கம் வரை எட்டும் நீள ஏணி ஒன்றுதான் இருந்தது. அது வீட்டுக்குப் பின்பக்கம், கூரையில் ஏறுவதற்காகச் சாத்தியிருந்தது. ஏணியின் தலையைக் கூரைச் சட்டத்தோடு கட்டாமல் யாரும் ஏறக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். என் தொல்லை தாங்காமல் மச்சினன் அன்று காலையில் அதைக் கட்டுக்கம்பியால் எட்டுச் சுற்றுச் சுற்றி, முறுக்கி, முனையை மடக்கி வேறு வைத்திருந்தான். அதை வெட்ட வேண்டும் என்றால் மேலே போய் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கட்டிங் பிளேயரைப் பிடித்துத்தான் வெட்ட முடியும். அதுவும் போதாது, நான் ஏணியில் கால் வைத்த பிறகு மேலேயிருந்து என் கயிற்றைத் தளர்த்தி விடவும் ஓர் ஆள் வேண்டும். இரண்டுக்கும் கூரையில் ஆள் வேண்டும். கூரை ஆள் எங்களிடம் ஒருவன்தான்.

அவன் அதற்குள் பிளேயரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டான்.

"டேய்! பெல்ட்டு!"

நின்றான். திரும்பினான். "என்னது?"

"இன்னொரு பெல்ட் வேன்ல இருக்கு. போட்டுக்கிட்டு ஏறு."

"அத்தான், நீங்க தொங்கிட்டு இருக்கீங்க! இப்ப வந்து சட்டம் பேசுறீங்க!"

"தொங்குறதனாலதான்டா பேசுறேன். அந்தக் கூரை முழுக்க மரத்தூளு. நான்தான் போட்டேன்."

"நான் என்ன உங்கள மாதிரியா? இருபது வயசுலேர்ந்து ஏறுறேன்."

"பெயின்டரு எத்தன வருஷமா ஸ்டூல்ல ஏறினாரு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் கால் பின்பக்கமாகத்தான் நகர்ந்தது. அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. என் கால்களைப் பற்றி இல்லை. கால் இரண்டும் அதற்குள் என்னுடையவையாக இல்லை, யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன சாமான் மாதிரி இருந்தன. நான் தொங்கிக்கொண்டிருக்க, அவன் பின்பக்கம் என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விழுகிற சத்தம் ஒன்று காதில் கேட்டது, கேட்காமலேயே.

"பெல்ட் போடாம நீ ஏணில கால வச்சா, நான் இங்க கால ஆட்டுறத நிறுத்திருவேன். உங்கக்காகிட்ட நீயே பதில் சொல்லு."

சொன்னபடி நிறுத்தவும் செய்தேன். சைக்கிள் நின்றது.

"அண்ணே, விளையாடாதீங்க! ஆட்டுங்க!" என்று எலெக்ட்ரீஷியன் கத்தினாள். "அஞ்சு நிமிஷம் ஆச்சு!"

"தம்பீ" என்றார் கொத்தனார், நீட்டி. என்னைச் சொன்னாரா, அவனைச் சொன்னாரா என்று தெரியவில்லை. இரண்டு பேருமே அசைந்தோம். நான் காலை ஆட்டினேன். அவன் வேனுக்கு ஓடினான்.

கவரைவிட்டே வெளியே வராத பெல்ட். அவன் அதைப் பல்லால் கிழித்து உதறினான். பட்டைகள் பின்னிக்கொண்டு வந்தன. எனக்கு நேர் கீழேதான் நின்றான். ஹெல்மெட் விளிம்பில் வழிந்த வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை ஒத்துழைக்கவில்லை. அவன் தலையும் தோளும் கலங்கலாகத் தெரிந்தன.

"மொதல்ல தோள்ல மாட்டு. சட்ட போடுற மாதிரி."

"மாட்டியாச்சு."

"நெஞ்சுப் பட்ட."

"டக்குனு சத்தம் வந்துச்சு."

"இப்ப கால் பட்ட. கீழ ரெண்டு வளையம் தொங்கும், கால விடு."

"விட்டாச்சு, விட்டாச்சு. இறுக்கியாச்சு. போகலாமா?"

"ரெண்டும் போட்டியா?"

"ரெண்டும் போட்டாச்சு அத்தான்!"

"ஓடு. மேல ஏணித் தலமாட்டுல இன்னொரு கயிறு கிடக்கும், கொக்கிய முதுகுல மாட்டு."

அவன் ஓடினான். கொத்தனார் பின்னாலேயே போனார். எலெக்ட்ரீஷியன் மட்டும் எனக்குக் கீழே நின்று, ஒரு கையில் அவள் போன், இன்னொரு கையில் மணலிலிருந்து எடுத்த என் போன் என்று, "ஏழு" என்றாள். என் போன் அடித்தது.

"அண்ணே, அண்ணி கூப்பிடுறாங்க. எடுக்கவா?"

"எடுக்காத!"

"எடுக்கலேன்னா திரும்பத் திரும்பக் கூப்பிடுவாங்க."

"என்னன்னு கேளு. நான் மேல இருக்கேன்னு சொல்லு."

அவள் எடுத்தாள். "அண்ணி, அண்ணன் மேல இருக்காரு... ஆமா... சரி சொல்றேன்." வைத்தாள். "வரும்போது கேஸ் அடுப்புக்கு லைட்டர் வாங்கிட்டு வரணுமாம்."

சிரித்தேன்.  காதில் ஓர் இரைச்சல். பக்கத்து வீட்டுத் தகரக் கதவு கொஞ்சம் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. காலையில் அது பச்சை.

"அண்ணே, பேசுங்க. எதாவது பேசுங்க. ஜோக் சொல்லுங்க."

"ஒரு வீட்டுக்காரன்..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஜோக் மறந்துபோனது அப்போதுதான்.

"உதைங்க அண்ணே. சுவத்த உதைங்க. வலது. இடது. வலது."

பின்பக்கம் கம்பி வெட்டுப்படும் சத்தம். எட்டுச் சுற்று. ஒவ்வொன்றையும் எண்ணினேன். அப்புறம் மச்சினனின் குரல்: "தூக்கிட்டுப் போங்க! என்னப் பாக்காதீங்க, தூக்கிட்டுப் போங்க!" கொத்தனார் அந்த நீள ஏணியைத் தனியாளாகத் தோளில் போட்டுக்கொண்டு மூலை திரும்பி வந்தார். ஐம்பத்தெட்டு வயது அவருக்கு. ஏணி என் பக்கத்தில் சுவரைத் தொட்டபோது "பதினொண்ணு" என்றாள் எலெக்ட்ரீஷியன். சொல்லிவிட்டு ஏணியின் அடியை இரண்டு காலாலும் அடைகொடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

கொத்தனார் ஏறி வந்து என் செருப்பை, மன்னிக்கவும், ஷூவை, ஒவ்வொன்றாகப் பிடித்து ஏணிப் படியில் வைத்தார். வைத்த கால் நின்றால்தானே? வழுக்கி வழுக்கி வெளியே வந்தது. கடைசியில் அவர் இன்னும் இரண்டு படி ஏறி, தன் தோளை என் உட்காரும் இடத்துக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். தொடைப் பட்டை விட்டது. ரத்தம் இறங்கியதா ஏறியதா தெரியாது, ஆயிரம் எறும்பு ஓடியது மட்டும் தெரிந்தது.

"விடு மாப்ள, கொஞ்சம் கொஞ்சமா" என்று கொத்தனார் மேலே பார்த்துச் சொன்னார்.

அண்ணாந்து பார்த்தேன். மச்சினன் முகட்டு வளையத்தில் என் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, விளிம்புக்கு வந்து, பாதி உடம்பை வெளியே நீட்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய கயிறு அவன் முதுகுக்குப் பின்னால் விறைப்பாக நின்றது. பெல்ட்டை நம்பித்தான் அப்படிச் சாய்ந்திருந்தான்.

"பயப்படாதீங்க அத்தான், நான் புடிச்சிருக்கேன்."

ஒரு படி, ஒரு முழம் கயிறு. இன்னொரு படி, இன்னொரு முழம். கொத்தனாரின் தோளில் உட்கார்ந்தே நான் இறங்கினேன். தரையைத் தொட்டதும் எழுந்து நிற்கப் போனேன், "நிக்க வைக்காதீங்க!" என்று எலெக்ட்ரீஷியன் போட்ட அதட்டலில் கொத்தனார் என்னை அப்படியே மணலில் சரித்தார். இனி தீயணைப்பு வண்டி வேண்டாம் என்று அவள் போன் போட்டுச் சொன்னபோது ஆம்புலன்ஸ் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. பதினாலு நிமிடம்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், பாட்டில் மாட்டினார்கள். சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லையா என்று பார்க்க இரவு வரை இருக்க வேண்டும் என்றார் டாக்டர். தொடையில் பட்டை பதிந்த இடம் இரண்டும் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து, நர்ஸ் வந்து, "உங்ககூட வந்தவங்க யாரெல்லாம்?" என்று கேட்டாள்.

"கொத்தனாரு. எலெக்ட்ரீஷியன். அப்புறம் என் மச்..."

கொத்தனாரைப் பார்த்தேன். கொத்தனார் எலெக்ட்ரீஷியனைப் பார்த்தார். எலெக்ட்ரீஷியன் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஏணி?" என்றேன்.

"படுக்க வச்சுட்டேன் தம்பி" என்றார் கொத்தனார், மெதுவாக. "ஆள் இல்லாத இடத்துல நிக்க வச்சா தெருப் புள்ளைங்க ஏறும்னு நீங்கதானே சொல்லுவீங்க. படுக்க வச்சு, சங்கிலி போட்டுப் பூட்டிட்டுத்தான் ஆம்புலன்ஸுல ஏறினேன்."

போன் போடலாம் என்று கையை நீட்டுவதற்குள் வாசலில் என் மனைவியின் குரல் கேட்டது. அவளுக்கு அவன் கூரையிலிருந்தே போன் செய்திருக்கிறான். அவள் பிறகு அதைச் சொல்லிக் காட்டிய விதத்தில் சொல்கிறேன்: "அக்கா, அத்தானுக்கு ஒண்ணும் இல்ல, ஆம்புலன்ஸுல போயிருக்காரு. நீ வந்து என்னக் கொஞ்சம் கூரைலேர்ந்து இறக்கி விடேன்." பக்கத்து வீட்டுக்காரரின் சுத்தியலை வாங்கிப் பூட்டை உடைத்து, அவரையும் அவர் மனைவியையும் கூப்பிட்டு ஏணியை நிமிர்த்தி, தம்பியை இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தாள், திரும்ப மூடினாள்.

"மேல இருக்கேன்னு சொன்னீங்களே."

"மேலதானே இருந்தேன்."

 அவள் என் கால் பெருவிரலை மட்டும் போர்வைக்கு மேலாகவே பிடித்துக்கொண்டு நின்றாள். அடிக்கவா, அழவா என்று முடிவு செய்யாத பிடி.

மச்சினன் அவளுக்குப் பின்னால் வந்தான். பெல்ட்டைக் கழற்றாமலேயே வந்திருந்தான். கொக்கிகள் ஒன்றோடொன்று இடித்துக் கிலுங்கின. வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதப் போட்டுக்கிட்டே பஸ்ஸுல வர்றான்" என்றாள் மனைவி. "நான் முன்னாடி போயி உக்காந்துக்கிட்டேன்."

"கழட்டத் தெரியலக்கா, டக்குனு மாட்டினது டக்குனு வரல." அவன் முகமெல்லாம் சிரிப்பு. "அத்தான், ஒத்துக்கிறேன். ஒரு மணி நேரம் மேல உக்காந்திருந்தேன், கொஞ்சம்கூட பயமே இல்ல. சும்மா சாஞ்சுக்கிட்டு இருந்தேன். இனிமே தினமும் போடுறேன். வாக்குக் குடுத்தேன்ல?"

நான் அவனைப் பார்த்தேன். கண்ணில் இப்போது வியர்வை இல்லை. நெஞ்சுப் பட்டை சரியாக இருந்தது. தோள் சரியாக இருந்தது. தொடைக்கு வந்தேன். வலது தொடையில் ஒரு பட்டை இறுக்கமாக இருந்தது. அதற்கு இரண்டு விரல்கடை கீழே, அதே வலது தொடையில், இன்னொரு பட்டை. இடது தொடையில் பேன்ட் மட்டும்தான் இருந்தது.

இரண்டு வளையத்திலும் ஒரே காலை விட்டிருக்கிறான். அந்த நிலையில் விழுந்திருந்தால் பெல்ட் அவனை ஒரு பக்கமாகக் கவிழ்த்திருக்கும். தொடை கிழிந்திருக்கும், இல்லை தோள் வழியாக உருவிக்கொண்டு ஆள் கீழே போயிருப்பான். பயிற்சி கொடுத்தவர் காலையில் ஒரு படம் காட்டினார். நாங்கள் அப்போது மீசையில் இருந்தோம்.

அந்தப் பெல்ட்டோடுதான் மரத்தூளில் நடந்து, கம்பியை வெட்டி, முகட்டைத் தாண்டி வந்து, பாதி உடம்பை வெளியே நீட்டி, 'பயப்படாதீங்க' என்றான். நான்தான் மேலேயிருந்து சொல்லிக்கொடுத்தேன். ரெண்டும் போட்டியா என்று கேட்டேன். ரெண்டும் போட்டேன் என்றான். பொய் சொல்லவில்லை.

"டேய், இங்க வா."

வந்தான். நான் பாட்டில் மாட்டாத கையால் அவன் இடது தொடையைத் தட்டினேன். அவன் குனிந்து பார்த்தான். முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு ஒவ்வொரு பக்கமாகக் கழன்றது.

"ஒரு பக்கம் ரொம்ப இறுக்கமா இருந்துச்சு" என்றான், தணிந்த குரலில். "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

எலெக்ட்ரீஷியன் பார்த்துவிட்டாள்.  கொத்தனார் நெற்றியைத் தேய்த்தார். மனைவி மட்டும், "என்ன? என்ன இறுக்கம்?" என்று எங்கள் முகங்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள். சமாளிக்க என்னிடம் எப்போதும் நான்கைந்து ஜோக் கைவசம் இருக்கும். அன்றைக்கு நடந்ததை நடந்தபடியே அவளிடம் சொன்னேன். அவள் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் அவன் தொடையிலிருந்து இரண்டு கொக்கிகளையும் கழற்றினேன். ஒற்றைக் கை என்பதால் நேரம் பிடித்தது. பட்டைகள் தளர்ந்து தொங்கின.

"கழட்டியாச்சுல்ல அத்தான். வீட்டுக்குப் போயி..."

"முழுசா கழட்டு. கழட்டிட்டு, மறுபடி நீயே போடு."

"இங்கயா? ஆஸ்பத்திரில?"

"இங்கதான். நாங்க நாலு பேரும் பாக்குறோம்."

நர்ஸ் ஏதோ சொல்ல வந்தாள். என் மனைவி கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். மச்சினன் பெல்ட்டைக் கழற்றி, முதுகு வளையத்தைப் பிடித்துத் தூக்கி உதறி, பட்டைகளைப் பிரித்துவிட்டான். தோளில் மாட்டினான். நெஞ்சில் மாட்டினான். பிறகு கட்டில் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குனிந்து பார்த்தபடி, இடது காலைத் தூக்கினான்.